கர்ப்பகாலத்தில் கக்குவான் இருமல் தடுப்பூசி: போட்டுக்கொள்வதா, எப்போது, எப்படி?

குழந்தைக்குக் கக்குவான் இருமலுக்கான முதல் ஊசி, நாட்டுக்கு ஏற்ப ஆறாவது வாரத்திலோ இரண்டாவது மாதத்திலோதான் தொடங்குகிறது. அந்த ஓர் ஊசி மட்டும் போதாது. இரண்டாவது, மூன்றாவது ஊசிகளும் சேர்ந்த பிறகே குழந்தையின் உடல் சொந்தமாகத் தாக்குப்பிடிக்கும். ஆனால் இந்த நோயால் உயிரிழக்கும் குழந்தைகளில் பெரும்பாலானோர் மூன்று மாதம் நிறையாதவர்கள். அந்த இடைவெளியை அடைக்க இன்று இருக்கும் வழிகளில் மிக உறுதியானது, தாய் கர்ப்பமாக இருக்கும்போதே ஊசி போட்டுக்கொள்வதுதான்.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கீழே சொல்லப்போகும் சில தடைகள் இல்லாத எல்லாக் கர்ப்பிணிகளும், ஒவ்வொரு கர்ப்பத்திலும், சரியான வாரத்தில் இதைப் போட்டுக்கொள்வது நல்லது. ஆனாலும் முடிவு உங்களுடையது. அதை எடுக்கத் தேவையானவற்றை வரிசையாகத் தருகிறோம்.

படி 1: எதிலிருந்து காப்பாற்றப் பார்க்கிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

கக்குவான் இருமல் பாக்டீரியாவால் வருவது. தொற்றிய ஏழு முதல் பத்து நாளில், சாதாரணச் சளி போல மூக்கொழுகலுடன் தொடங்கும். ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் மூச்சுவிட முடியாத தொடர் இருமலாக மாறும். அதற்குள் வீட்டில் இருப்பவர்களுக்கெல்லாம் பரவியிருக்கும். பெரியவர்களுக்கு இது பல வாரம் நீளும் தொல்லை. வாந்தி வரும், தூக்கம் கெடும், சில சமயம் விலா எலும்பே விரிசல் விடும். உயிருக்கு ஆபத்து அரிது.

பச்சிளம் குழந்தையின் கதை வேறு. இருமலின் முடிவில் வரும் அந்தக் கூவல் சத்தம் சிறு குழந்தைகளிடம் பெரும்பாலும் இருக்காது. சில குழந்தைகள் இருமவே மாட்டார்கள்; மூச்சு சில விநாடிகள் நின்றுபோகும், உதடு நீலமாகும், பால் குடிக்காது. அதனால்தான் வீட்டில் இருப்பவர்கள் தாமதமாகக் கண்டுபிடிக்கிறார்கள். பாக்டீரியா வெளிவிடும் நச்சு, ரத்தத்தில் வெள்ளையணுக்களை அளவுக்கு மீறி ஏற்றிவிடும். நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் கூடும். அந்த நிலைக்குப் போன குழந்தையைத் தீவிர சிகிச்சையாலும் எப்போதும் மீட்டுவிட முடிவதில்லை. ஆன்டிபயாடிக் மருந்து கிருமியைக் கொல்லும், பரவலைத் தடுக்கும். ஆனால் நச்சு ஏற்கெனவே செய்த சேதத்தை அது திருப்பாது. தாமதமாகத் தொடங்கும் சிகிச்சையை நம்பியிருக்க முடியாது என்பதற்கு இதுவே காரணம்.

2012-ல் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் கக்குவான் இருமல் பெரிதாகப் பரவி, 14 குழந்தைகள் இறந்தார்கள். அந்த ஆண்டு அக்டோபரில்தான் பிரிட்டன் கர்ப்பிணிகளுக்கு இந்த ஊசியைப் போடத் தொடங்கியது. அமெரிக்கா 2011-ல் இதைப் பரிந்துரைத்தது; 2012-ல் "ஒவ்வொரு கர்ப்பத்திலும்" என்று மாற்றியது.

படி 2: ஊசி எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

வாரக்கணக்கு, மறுபடி போடுவது, தவறினால் என்ன என்ற எல்லாக் கேள்விகளுக்கும் பதில் இதில்தான் இருக்கிறது.

ஊசி போட்டதும் உங்கள் உடல், கிருமியை எதிர்க்கும் புரதங்களான ஆன்டிபாடிகளை உருவாக்கத் தொடங்கும். அவை உச்சத்தைத் தொட ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். பிறகு நஞ்சுக்கொடி அவற்றைத் தானாக ஈர்த்துக் குழந்தையின் ரத்தத்துக்குள் அனுப்புகிறது. இருபதாவது வாரத்தை ஒட்டி இந்தக் கடத்தல் மிகக் குறைவு. முப்பதாவது வாரத்தை ஒட்டி, குழந்தையிடம் இருப்பது தாயின் அளவில் ஏறத்தாழப் பாதி. நிறைமாதத்தில் குழந்தையின் ரத்தத்தில் தாயைவிடக் கூடுதலாகக்கூட இருக்கும். ஆக, போதுமான ஆன்டிபாடி உருவாகவும், அது கடந்துபோகவும், இரண்டுக்கும் நேரம் வேண்டும்.

பிறந்த பிறகு குழந்தையிடம் இருக்கும் இந்த இரவல் பாதுகாப்பு சுமார் ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே போகும். அதற்குள் குழந்தையின் சொந்த ஊசிகள் தொடங்கிவிடும்.

உங்கள் உடலிலும் அந்த அளவு ஓராண்டுக்குள் கணிசமாக இறங்கிவிடும். "முதல் குழந்தைக்குப் போட்டேனே, போதாதா?" என்று பலர் கேட்கிறார்கள். போதாது. உங்களுக்கு நோய் வராமல் இருக்க அது உதவலாம். வயிற்றில் இருக்கும் இந்தக் குழந்தைக்குக் கொடுக்கத் தேவையான உயர்ந்த அளவு அப்போது இருக்காது. சிறுவயதில் ஊசி போட்டவர்களுக்கும், கக்குவான் இருமலே வந்து குணமானவர்களுக்கும் இதே பதில்தான்.

பலன் எவ்வளவு? இங்கிலாந்தில் திட்டம் தொடங்கிய பிறகு ஆராய்ந்தபோது, மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளிடம் நோயைத் தடுப்பதில் ஏறத்தாழ 90 சதவீதமும், இறப்பைத் தடுப்பதில் சுமார் 95 சதவீதமும் பலன் இருந்தது. அமெரிக்காவில் இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளை ஆராய்ந்தபோது நோய்க்கு எதிராக 78 சதவீதம், மருத்துவமனையில் சேரும் அளவுக்கான நோய்க்கு எதிராக 90 சதவீதம். எண்கள் கொஞ்சம் மாறினாலும் போக்கு ஒன்றே: நோய் எவ்வளவு கடுமையோ, அவ்வளவுக்குப் பாதுகாப்பும் கூடுதல்.

படி 3: உங்களுக்குப் போடப்படுவது எந்த ஊசி என்று பெயரைக் கேளுங்கள்

இந்த விஷயத்தில் மிக அதிகமாக நடக்கும் குழப்பம் இதுதான். கர்ப்பகாலத்தில் ஊசி போட்டாயிற்று என்று நிம்மதியாக இருப்பவர்களில் பலருக்குப் போடப்பட்டது கக்குவான் இருமல் ஊசியே அல்ல.

டீடி (Td) என்ற ஊசியில் ரணஜன்னி (டெட்டனஸ்), தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) ஆகிய இரண்டு நோய்களுக்கான பாகம் மட்டுமே உண்டு. பழைய டீடீ (TT) ஊசியில் ரணஜன்னிக்கு மட்டும். டீடாப் (Tdap) என்ற ஊசியில் இந்த இரண்டோடு கக்குவான் இருமலுக்கான பாகமும் சேர்ந்திருக்கும். பல நாடுகளின் வழக்கமான கர்ப்பகாலத் திட்டத்தில் டீடி மட்டுமே இருக்கிறது. டீடாப் தனியாகக் கேட்டுப் போட வேண்டியிருக்கும். பூஸ்ட்ரிக்ஸ், அடாசெல் ஆகியவை பரவலாகக் கிடைக்கும் இரண்டு டீடாப் பெயர்கள். போலியோ பாகமும் சேர்ந்த வகைகள் உண்டு. அந்தப் பாகம் கொல்லப்பட்ட கிருமிதான். கக்குவானுக்கு மட்டும் தனி ஊசி பெரும்பாலான நாடுகளில் கிடைக்காது.

இன்னொரு கவனம்: சிறு குழந்தைகளுக்கான டீடேப் (DTaP), டீபீடீ (DPT) ஊசிகள் வேறு. அவற்றில் தொண்டை அடைப்பான் பாகத்தின் அளவு அதிகம். பெரியவர்களுக்குப் போட்டால் கை வீக்கமும் வலியும் கடுமையாகும். பெரியவர்களுக்கான டீடாப்பில் அந்த அளவு குறைக்கப்பட்டிருக்கிறது. பெட்டியில் "பெரியவர்கள், வளரிளம் பருவத்தினருக்கு" என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் போதும்.

ஏற்கெனவே டீடி போட்டுவிட்டவர்கள் "இனி டீடாப் போட எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும்?" என்று கேட்பார்கள். காத்திருக்கத் தேவையில்லை. அமெரிக்க வழிகாட்டுதலின்படி இரண்டுக்கும் குறைந்தபட்ச இடைவெளி என்று எதுவும் இல்லை. ரணஜன்னி ஊசி வாழ்நாளில் ஒன்றுமே போடாதவர் என்றால் மூன்று ஊசிகள் வேண்டும்: முதலாவது, நான்கு வாரம் கழித்து இரண்டாவது, ஆறு முதல் பன்னிரண்டு மாதம் கழித்து மூன்றாவது. அவற்றில் ஒன்றை, சரியான வாரத்தில் வருவதை, டீடாப்பாக மாற்றிக்கொண்டால் கூடுதல் ஊசியே தேவைப்படாது. இதை முதல் பரிசோதனையிலேயே மருத்துவரிடம் திட்டமிட்டுக்கொள்ளுங்கள். இரண்டு டீடியும் போட்ட பிறகு நினைவுக்கு வருவதைவிட அது எளிது.

படி 4: வாரத்தைத் தேர்ந்தெடுங்கள்

அமெரிக்கப் பரிந்துரை 27 முதல் 36 வாரம், அதிலும் முன்பகுதி. பிரிட்டன் 2016 முதல் 16-வது வாரத்திலிருந்தே போடுகிறது. பெரும்பாலும் இருபதாவது வார ஸ்கேனை ஒட்டி. இரண்டும் முரண்பாடு அல்ல. முன்னதாகப் போட்டால் குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைக்கும் நேரம் கிடைக்கும். போட்டுக்கொள்ளாமல் விட்டுப்போகும் வாய்ப்பும் குறையும்.

நடைமுறையில் நாங்கள் சொல்வது இப்படி. எந்தச் சிக்கலும் இல்லாத கர்ப்பம் என்றால் 27-வது வாரம் வந்ததும் போடுங்கள், தள்ளிப்போடாதீர்கள். இரட்டைக் குழந்தை, முன்பு குறைமாதப் பிரசவம், கர்ப்பப்பை வாய் குட்டை, ரத்த அழுத்தத்தால் சீக்கிரம் பிரசவம் பார்க்க நேரலாம் என்ற எச்சரிக்கை, இவற்றில் ஏதாவது இருந்தால் இருபதாவது வாரத்தை ஒட்டியே போடலாமா என்று கேளுங்கள். ஊரில் கக்குவான் இருமல் பரவிக்கொண்டிருந்தாலும் அப்படியே.

36 வாரம் தாண்டிவிட்டதா? அப்போதும் போடலாம். பிரசவத்துக்கு இரண்டு வாரமாவது மீதி இருந்தால் குழந்தைக்குக் கணிசமாகப் போய்ச் சேரும். அதற்கும் குறைவாக இருந்தால் குழந்தைக்கு நேரடிப் பலன் குறையும். ஆனால் நீங்களே நோயைத் தொற்றவைப்பது தடுக்கப்படும்.

கர்ப்பம் என்று தெரியாமல் முதல் மாதங்களில் போட்டுவிட்டால் பதறவேண்டாம். குழந்தைக்குத் தீங்கு வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அதே கர்ப்பத்தில் மறுபடி தேவையா என்பது நாட்டு வழிகாட்டுதலைப் பொறுத்தது. அமெரிக்காவில் மறுபடி போடுவதில்லை. கர்ப்பத்துக்கு முன் போட்டது கணக்கில் வராது.

படி 5: உங்களுக்குத் தடை ஏதும் உண்டா என்று பாருங்கள்

இதில் நிதானமாக இருங்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லவேண்டியவை:

- முன்பு இதே வகை ஊசி போட்டபோது, அல்லது அதில் உள்ள ஏதாவது ஒரு பொருளால், மூச்சுத்திணறலோ மயக்கமோ வரும் அளவுக்குக் கடும் ஒவ்வாமை. இருந்தால் போடக்கூடாது.
- முன்பு கக்குவான் இருமல் ஊசி போட்ட ஏழு நாளுக்குள், வேறு காரணம் இல்லாமல், மூளை பாதிப்பு (சுயநினைவு இழப்பு, நீண்ட வலிப்பு). இருந்தால் கக்குவான் பாகம் உள்ள ஊசி கூடாது; டீடி போடலாம்.
- ரணஜன்னி ஊசி போட்ட ஆறு வாரத்துக்குள் கை கால் தளரும் கில்லன் பாரே நோய் வந்திருந்தால், கட்டுப்படாத வலிப்பு அல்லது நரம்பு நோய் இருந்தால், முன்பு ஊசி போட்ட கை முழுவதும் கடுமையாக வீங்கியிருந்தால்: மருத்துவர் எடைபோட்டு முடிவு செய்யவேண்டியவை இவை.
- இன்று கடும் காய்ச்சல். குணமானதும் போடலாம். லேசான சளி, இருமல் தடையல்ல.
- ரத்தம் உறையாத நோய், அல்லது ரத்தம் உறையாமல் இருக்க மருந்து. போடலாம், மெல்லிய ஊசியால் போட்டு, தேய்க்காமல் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும்.
- ரப்பர் பால் ஒவ்வாமை. சில முன்நிரப்பிய சிரிஞ்சுகளின் மூடியில் அது இருக்கக்கூடும். குப்பியில் வரும் மருந்தைக் கேளுங்கள்.

கர்ப்பகால சர்க்கரை, தைராய்டு, ரத்தசோகை, ஆர்எச் நெகட்டிவ் ரத்தம், முட்டை ஒவ்வாமை ஆகியவை தடையல்ல. ஆர்எச் நெகட்டிவ் உள்ளவர்களுக்குப் போடும் ஆன்டி-டி ஊசி போட்டிருந்தாலும் இது போடலாம்.

படி 6: பயங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள்

*"ஊசியாலேயே நோய் வந்துவிடுமா?"* வராது. இதில் உயிருள்ள கிருமி இல்லை. கிருமியின் சில புரதங்கள் மட்டும், நச்சு நீக்கி, சுத்திகரித்துச் சேர்க்கப்பட்டிருக்கின்றன.

*"குழந்தைக்கு ஏதாவது ஆகுமா?"* பிரிட்டனில் ஊசி போட்ட சுமார் 20,000 கர்ப்பிணிகளை ஆராய்ந்ததில், குழந்தை இறந்து பிறப்பதோ குறைமாதப் பிரசவமோ கூடவில்லை. நீங்கள் இணையத்தில் சந்திக்கக்கூடிய ஓர் எதிர்த்தகவலையும் மறைக்காமல் சொல்கிறோம். 2014-ல் வந்த அமெரிக்க ஆய்வில், பனிக்குட உறையில் அழற்சி என்று பதிவானவர்கள் ஊசி போட்டவர்களில் 6.1 சதவீதம், போடாதவர்களில் 5.5 சதவீதம். வித்தியாசம் சிறியது, ஆனால் இருந்தது. அதே ஆய்வில் குறைமாதப் பிரசவமோ எடை குறைந்த குழந்தையோ கூடவில்லை. உண்மையில் ஊசியால் அழற்சி வந்திருந்தால் அதன் விளைவாக இவையும் கூடியிருக்கவேண்டும். இதை ஊசியை மறுக்கும் அளவுக்கான காரணமாக நாங்கள் கருதவில்லை. பெரிய நிபுணர் குழுக்களும் இதைத் தெரிந்தே பரிந்துரையைத் தொடர்கின்றன.

*"அலுமினியம் இருக்கிறதாமே?"* இருக்கிறது. நோய் எதிர்ப்பு வினையைத் தூண்டுவதற்காக, ஓர் ஊசியில் அரை மில்லிகிராமைத் தாண்டாத அளவு. பல பத்தாண்டுகளாக ரணஜன்னி ஊசிகளிலும் இதே வகை உப்புதான் கர்ப்பிணிகளுக்குப் போகிறது.

*"குழந்தையின் சொந்த ஊசி வேலை செய்யாமல் போகுமா?"* இது நியாயமான கேள்வி. தாயின் ஆன்டிபாடி இருக்கும் குழந்தைகளுக்கு முதல் தவணை ஊசிகளின்போது உருவாகும் எதிர்ப்பு அளவு சற்றுக் குறைவாக இருப்பது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. ஆனால் அதனால் பிற்காலத்தில் அந்தக் குழந்தைகளிடம் நோய் பெருகியதாக, பல ஆண்டுகளாகத் திட்டத்தை நடத்தும் நாடுகள் காணவில்லை. உயிராபத்து அதிகமுள்ள முதல் மூன்று மாதத்தின் பாதுகாப்புக்கு எதிரே, இதை ஏற்கத்தக்க விலையாகவே நாங்கள் பார்க்கிறோம். குழந்தையின் ஊசிகளைத் தேதி தவறாமல் போடவேண்டியதற்கு இது இன்னொரு காரணம்.

படி 7: மற்ற ஊசிகளோடு பொருத்துங்கள்

ஃப்ளூ ஊசியை அதே நாளில், மறு கையில் போடலாம். கொரோனா ஊசிக்கும் தடையில்லை. குழந்தைகளின் நுரையீரலைத் தாக்கும் ஆர்எஸ்வி வைரஸுக்கான ஊசி மட்டும் கொஞ்சம் கவனிக்கவேண்டியது. அதோடு சேர்த்துப் போட்டபோது கக்குவானுக்கான எதிர்ப்பு அளவு சற்றுக் குறைந்தது ஓர் ஆய்வில் தெரிந்தது. ஆர்எஸ்வி பொதுவாகப் பிந்தைய வாரங்களில் வருவது என்பதால் டீடாப்பை முன்னால் முடித்துவிட்டால் சிக்கலே இல்லை. இரண்டுமே தாமதமாகி, மறுபடி வரமுடியுமா என்பது சந்தேகம் என்றால், விட்டுவிடுவதைவிட ஒரே நாளில் போடுவது மேல்.

படி 8: ஊசி போடும் நாள்

அளவு அரை மில்லிலிட்டர், ஒரே ஊசி, மேற்கைத் தசையில். தோள்பட்டை எலும்பின் முனையிலிருந்து இரண்டு மூன்று விரல்கடை கீழே போடவேண்டும். மிக மேலே போட்டால் தோள் மூட்டுக்குள் போய், மாதக்கணக்கில் கை தூக்க முடியாத வலி வரலாம். சட்டைக் கழுத்தை இழுத்து இறக்கி, தெரியும் இடத்தில் குத்தும்போது இப்படி நேரலாம். தோள் முழுவதும் தெரியும்படி ஆடை அணிந்துபோங்கள். 25 மில்லிமீட்டர் நீள ஊசி பெரும்பாலோருக்குப் போதும். உடல் பருமனானவர்களுக்கு 38 மில்லிமீட்டர் வேண்டும். தசையை எட்டாமல் கொழுப்பில் மருந்து தங்கினால் கட்டியும் சிவப்பும் அதிகமாகும்.

மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்கவேண்டும். நீங்களே கடையில் வாங்கிக் கொண்டுபோவதானால் குளிர்பெட்டியில் வையுங்கள், ஆனால் பனிக்கட்டியின் மேல் நேராக வைக்காதீர்கள். உறைந்துவிட்டால் மருந்து கெட்டுவிடும், உருகினாலும் பயன்படாது. போடும் முன் குலுக்க வேண்டும். குலுக்கியதும் சீரான பால்போன்ற கலங்கலாக இருந்தால் சரி. துகள் நின்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

போட்ட பிறகு 15 நிமிடம் உட்கார்ந்திருங்கள். ஊசி என்றாலே தலைசுற்றும் பழக்கம் உள்ளவர்கள் இடப்பக்கம் சாய்ந்து படுத்தபடி போட்டுக்கொள்ளலாம். கர்ப்பகால அட்டையில் தேதி, ஊசியின் பெயர், தொகுதி எண், எத்தனையாவது வாரம் ஆகியவற்றை எழுதி வாங்குங்கள். "ஊசி போட்டாயிற்று" என்ற ஒரு டிக் பின்னால் எதற்கும் உதவாது.

கை வலி பெரும்பாலோருக்கு வரும், ஓரிரு நாளில் போகும். சோர்வு, தலைவலி, லேசான காய்ச்சல் சிலருக்கு. காய்ச்சல் வந்தால் மருத்துவர் சொன்ன அளவில் பாராசிட்டமால் எடுங்கள். இருபதாவது வாரத்துக்குப் பிறகு இபுபுரூஃபன் கூடாது. மூச்சுத்திணறல், முகவீக்கம், உடல் முழுதும் தடிப்பு என்றால் உடனே அவசரப் பிரிவு. குழந்தையின் அசைவு குறைந்தால் அதை ஊசியின் விளைவு என்று எண்ணிக் காத்திருக்காதீர்கள். எப்போதும்போல உடனே போய்க் காட்டுங்கள்.

படி 9: தவறிவிட்டால்

பிரசவம் ஆகிவிட்டது, ஊசி போடவில்லை என்றால், மருத்துவமனையை விட்டு வரும் முன்னே போட்டுக்கொள்ளுங்கள். தாய்ப்பால் கொடுக்கத் தடையில்லை. பாலிலும் கொஞ்சம் ஆன்டிபாடி போகும், ஆனால் நஞ்சுக்கொடி வழி போவதற்கு அது ஈடாகாது.

அப்பா, பாட்டி, தாத்தா, குழந்தையைப் பார்த்துக்கொள்பவர்கள் ஆகியோரும், குழந்தையைத் தொடுவதற்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பு போட்டுக்கொள்வது நல்லது. ஆனால் "வீட்டில் எல்லோரும் போட்டுக்கொள்கிறோம், கர்ப்பிணிக்கு வேண்டாம்" என்று மாற்றிக்கொள்ளாதீர்கள். இன்றைய ஊசி, போட்டவரை நோயிலிருந்து காக்கும் அளவுக்குக் கிருமி தொண்டையில் தங்குவதைத் தடுப்பதில்லை. பபூன் குரங்குகளில் செய்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது: ஊசி போட்டவை நோயுறவில்லை, ஆனால் மற்றவற்றுக்குத் தொற்றவைத்தன. வீட்டாரின் ஊசி துணைதான். குழந்தையின் ரத்தத்தில் ஓடும் ஆன்டிபாடிக்கு அது மாற்றாகாது.

படி 10: குழந்தை பிறந்த பிறகு

குழந்தையின் முதல் ஊசியை, நாள் வந்ததுமே போடுங்கள். "அம்மா போட்டிருக்கிறாளே" என்று தள்ளிப்போட்டால், இரவல் பாதுகாப்பு கரைந்து சொந்தப் பாதுகாப்பு தொடங்காத ஓர் இடைவெளி உருவாகிவிடும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும் பிறந்த நாளிலிருந்துதான் கணக்கு, முன்பு மருத்துவர் குறித்துக் கொடுத்த பிரசவ தேதியிலிருந்து அல்ல.

வீட்டில் யாருக்காவது கக்குவான் இருமல் என்று உறுதியானால், குழந்தைக்கும் உங்களுக்கும் நோய் வராமல் தடுக்க ஆன்டிபயாடிக் தேவையா என்று அன்றே மருத்துவரைக் கேளுங்கள்; நோயாளிக்கு இருமல் தொடங்கி மூன்று வாரத்துக்குள் கொடுத்தால்தான் அது பயன்படும். நோயாளி மருந்து தொடங்கி ஐந்து நாள் முடியும்வரை குழந்தையின் அறைக்குள் வரக்கூடாது. தாய் ஊசி போட்டிருந்தாலும் சரி, குழந்தை மூச்சை நிறுத்தி நிறுத்தி விட்டால், நீலமானால், இருமி இருமிப் பால் கக்கினால், விடியட்டும் என்று இருக்காமல் அப்போதே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். நீங்கள் எந்த வாரத்தில் என்ன ஊசி போட்டீர்கள் என்று எழுதிய அந்த அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.